கவனக்குறைவு என்று எழுத வேண்டாம்

வண்டியை அடிக்கடி கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். பிரியத்தில்தான் கழுவுகிறார்கள். சீட்டுக்கு அடியில், விளக்குக்குப் பின்னால், ஒரு இண்டு இடுக்கு விடாமல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய் அது உட்கார்ந்துகொள்ளும். மூன்று மாதம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து, "நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்" என்பார்கள். நல்லாப் பார்த்துக்கொண்டதுதான் கோளாறே என்று நான் சொல்வதில்லை. சொன்னால் வருத்தப்படுவார்கள்.

இருபத்து மூன்று வருடமாக இருசக்கர வண்டிகளுக்கு வயரிங் வேலை மட்டும் செய்கிறேன். எஞ்சினைப் பிரிக்க மாட்டேன், பெயிண்ட் அடிக்க மாட்டேன். மற்ற மெக்கானிக்குகள் கைவிரித்த வண்டிகள் என்னிடம் வரும். வயரிங்காரர் என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் கடையைக் காட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நேற்று ஸ்டேஷனில் நீங்கள் என் முன்னால் வைத்த அறிக்கையில், என் தங்கையின் வண்டி பாலத்தில் நின்றுபோனதற்குக் காரணம் "பழுது பார்த்தவரின் கவனக்குறைவு" என்று வண்டியைச் சோதித்த உங்கள் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். கீழே கையெழுத்துப் போட்டால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்த ஒரு வரி என் நெஞ்சில் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் இன்று காலை நானாகவே வந்து காகிதம் கேட்டேன்.

ரிலே என்பது தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. சாவியைத் திருப்பினால் வருவது சின்ன மின்சாரம். டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்பை ஓட்டப் பெரிய மின்சாரம் வேண்டும். சின்னது போய்ப் பெரியதற்குக் கதவைத் திறந்துவிடும் இடம்தான் ரிலே. திறக்கும்போது டிக்கென்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பின்னாலேயே பம்பு இரண்டு விநாடி முனகும். டிக்கும் இல்லை, முனகலும் இல்லை என்றால் ரிலேயைப் பார்க்க வேண்டும். டிக் வந்து முனகல் வரவில்லை என்றால் உள்ளே முனைகள் அரித்திருக்கும், அல்லது அதிலிருந்து பம்புக்குப் போகும் வயரில் பிசகு இருக்கும். நல்ல காது இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் தங்கைக்கு நல்ல காது. அதைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது, எனக்கு இருபது. அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்து என்று இருக்கிற இடத்தில் எல்லாம் என் கையெழுத்துத்தான். எனக்கு ஒரு இடத்தில் பெண் பார்த்தார்கள். தங்கச்சியும் கூடவே இருப்பாளா என்று அந்த வீட்டில் கேட்டார்கள். கேட்ட விதம் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்லிக் காட்டியதே இல்லை.

படித்து முடித்து ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் வீடு வீடாகப் போய், வயதானவர்களிடமும் படுக்கையில் இருப்பவர்களிடமும் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வண்டி இல்லாமல் ஆகாத வேலை. கடைக்கு வந்த ஒரு பழைய வண்டியை நானே முழுதாகப் பிரித்து, வயரிங் மாற்றிக் கொடுத்தேன்.

அது முதல்முறை நின்றது நிஜமான கோளாறினால். அவளும் கழுவுகிறவள்தான். ரிலேயில் தண்ணீர் இறங்கிக் களிம்பு பிடித்துவிட்டது. யாரோ வீட்டு வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாள். போனேன். பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தில் வியர்வையும் அழுகையுமாக இருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ வரலன்னா இன்னைக்கு என் கதை முடிஞ்சிருக்கும்ணா" என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு எட்டு வயதுதான். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பிறகு நான்கு மாதம் வண்டி நன்றாக ஓடியது. அந்த நான்கு மாதத்தில் அவள் எனக்குப் பகலில் ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தால் போனை வைத்துக்கொண்டு சிரிப்பாள். என்ன என்றால் "ஒண்ணுமில்லண்ணா, ஆபீஸ் ஜோக்கு" என்பாள். ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன், அந்த ஜோக்கை எனக்கும் சொல்லேன் என்று. "உனக்குப் புரியாதுண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சர்வீஸ் செய்தபோது, ரிலேயின் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். சமையலறை உப்புத்தான். மூடியைத் திரும்ப ஒட்டி, அது இருந்த இடத்திலேயே சொருகினேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வந்து சிரிப்புக்கூட வந்தது.

ஆறாம் நாள் வண்டி நின்றது. போன் வந்தது. போனேன்.

இதில் யாருக்கும் ஆபத்து இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிலே அரித்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். நின்ற இடத்தில் நிற்கும். இரண்டு வருடத்தில் பதினான்கு முறை செய்திருப்பேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நாள் இடைவெளி வருகிற மாதிரி உப்பின் அளவை மாற்றினேன். ஒரே மாதிரி இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கவனக்குறைவாக இருக்கிறவன் இதையெல்லாம் யோசிக்க மாட்டான்.

அவளுக்குச் சில நஷ்டங்கள் வந்தன, மறைக்கவில்லை. ஒருமுறை வெயிலில் வண்டி நின்று, ஐஸ் உருகி, எடுத்த ரத்தமெல்லாம் வீணாகிவிட்டது. அதில் ஒரு கைக்குழந்தையின் ரத்தமும் இருந்தது. நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி எடுத்தது. மறுபடியும் போய்க் குத்த வேண்டியிருந்தது. குழந்தையின் அம்மா இவளைக் கண்டபடி பேசியிருக்கிறாள். பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா, "உன்ன நம்பி ஒரு வேலை கொடுக்க முடியல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்திருந்தாள். நான்தான் சாதம் பிசைந்து ஊட்டினேன்.

இன்னொரு முறை ஒரு பெரிய மருத்துவமனையில் நேர்முகத் தேர்வு. அடுத்த ஊர். விடுதியில் தங்கி வேலை பார்க்க வேண்டும். அன்று காலை எங்கள் வீட்டு வாசலிலேயே வண்டி கிளம்பவில்லை. எனக்குக் கடையில் அவசர வேலை இருந்தது, வர நேரமாகிவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது கதவை மூடிவிட்டார்கள். "விடு பாப்பா, நமக்கு எது எழுதியிருக்கோ அதுதான்" என்றேன். அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரம் என் கடைச் சுவரில் மாட்டியிருந்த வயரிங் வரைபடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். என்னத்துக்கு என்றேன். "சும்மாத்தாண்ணா, எந்நேரமும் உன்னையே தொந்தரவு பண்ணிட்டிருக்கேனே" என்றாள்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வந்தாள். கையெல்லாம் கிரீஸ். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வண்டி நின்னுடுச்சுண்ணா. நானே சரி பண்ணிட்டேன்."

"எப்படி?"

"சாவியைத் திருப்பினேன். டிக்குன்னு கேட்டுச்சு, பம்பு முனகல. சரி, ரிலேதான்னு ஹாரன் ரிலேயைப் பிடுங்கி இதுல போட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஹாரன் இல்லாமலே வந்துட்டேன். வழியெல்லாம் வாயாலயே கத்திக்கிட்டு வந்தேன்."

சிரித்தாள். பக்கத்து டீக்கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். "வயரிங்காரர் தங்கச்சின்னா சும்மாவா" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அன்றே ஒரு புது ரிலே வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். பதினான்கு முறை நான் ஓடி ஓடிப் போய் எடுத்த வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல், என் கடையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போனாள். வளர்த்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

இனி ரிலேயில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வயருக்குப் போனேன்.

ரிலேயிலிருந்து பம்புக்குப் போகிற வயருக்குள் மெல்லிய செம்புக் கம்பிகள் பத்தொன்பது இருக்கும். ரிலே சொருகும் சாக்கெட்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத வளைவில், மேல் உறையைப் பிளந்து, பதினாறு கம்பிகளை நறுக்கினேன். மூன்றை விட்டுவைத்தேன். அதன்மேல் உப்புத் தண்ணீர் தடவி, ஒரு வாரம் ஊறவிட்டு, பிறகு உறையை மூடி, கம்பெனியில் சுற்றுகிற மாதிரியே டேப் சுற்றினேன். உங்கள் ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டுத்தான் "நாட்பட்ட அரிப்பு, கவனிக்கத் தவறியிருக்கிறார்" என்று எழுதினார். அவரைக் குறை சொல்லவில்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

ரிலே கெட்டால் வண்டி கிளம்பாது. வயர் இப்படிக் கெட்டால் வண்டி கிளம்பும். ஓடும். சூடேறச் சூடேறப் பம்புக்கு மூச்சு வாங்கும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும். ஆறினால் மறுபடி ஓடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் ஊருக்குள் ஓட்டும் தூரம் சின்னச் சின்னத் தூரம். வயர் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். எப்போதாவது ஒருமுறை தெருவில் நிற்கும், ரிலேயை மாற்றிப் பார்ப்பாள், சரியாகாது, என்னைக் கூப்பிடுவாள். அதுதான் என் எண்ணம். இரண்டு தடவை அப்படியே நடந்தது. "என்னண்ணா இது, ரிலே புதுசு. அப்புறமும் நிக்குது" என்றாள். "வண்டிக்கு வயசாகுதுல்ல" என்றேன்.

அப்போதுதான், ஒரு வெள்ளிக்கிழமை, அவளுக்கு அந்தப் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னாள். மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்லாமல் பஸ்ஸில் போய் வந்திருக்கிறாள்.

"எதுக்குச் சொல்லல?"

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்."

"நான் எதுக்கு வருத்தப்படணும்?"

வண்டிச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "திங்கக்கிழமை சேரணும்ணா. வண்டியிலயே போயிடறேன், அங்கேயும் தேவைப்படும். நீ ஒரு தடவை முழுசா பார்த்துக் குடுத்துடு" என்றாள்.

பார்த்துக் கொடுத்தேன். ஆயில் மாற்றினேன். பிரேக் கட்டை புதிதாகப் போட்டேன். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, இறுக்கி, எண்ணெய் விட்டேன். டயரில் காற்றுச் சரிபார்த்தேன். ஹெல்மெட்டின் வார் பழசாகியிருந்தது, மாற்றினேன். அந்த வயரை மட்டும் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினாள். பையைப் பின்னால் கட்டிக்கொடுத்தேன். "ஒழுங்கா சாப்பிடுண்ணா" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துவிட்டுக் கடைக்குப் போய், ஒரு பையில் டெஸ்டர், டேப், ஒரு முழம் புது வயர் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் எல்லைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும், கூப்பிடுவாள், போய்க் கூட்டிவந்துவிடலாம், நேரம் தவறினால் அந்த வேலையும் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்படித்தான் நேற்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன் ஒன்பதுக்கு வந்தது. அவள் நம்பர்தான். குரல் வேறு யாருடையதோ. லாரி கிளீனர் பேசுவதாகச் சொன்னார். "பாலத்து நடுவுல சட்டுனு நின்னுடுச்சு சார், எங்க டிரைவர் எவ்வளவோ மிதிச்சாரு" என்று அழுதார். அந்த டிரைவரை விட்டுவிடுங்கள். அவர்மேல் தப்பு இல்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை, அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்தச் சாலையில் நானே ஓட்டிப் போனேன். அவள் போகிற வேகத்தில், அறுபதில். எந்த வேலையையும் ஓட்டிப் பார்க்காமல் நான் கொடுத்ததில்லை. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நின்றது. பாலத்தின் நடுவில். அந்தப் பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது, பார்த்திருப்பீர்கள். கைப்பிடிச் சுவரோடு வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டு, வயர் ஆறுவதற்காகப் பத்து நிமிடம் நின்றேன். பின்னால் வந்த லாரிகள் ஹாரனை அடித்துக்கொண்டு என் சட்டை படபடக்கிற அளவுக்கு உரசிப் போயின. ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். சரி செய்யப் பையில் வயர் இருந்தது. பாலத்தின் மேலேயே சரி செய்திருக்கலாம். வீட்டுக்கு வந்தும் செய்திருக்கலாம். ஞாயிறு முழுக்க வண்டி என் கைக்குக் கீழேதான் இருந்தது. டேப்பின் ஒரு முனை கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்ததை மட்டும் அழுத்தி ஒட்டினேன்.

ஆகவே கவனக்குறைவு என்று எழுத வேண்டாம். எங்கே நிற்கும் என்று தெரியும். நின்றால் பின்னால் என்ன வரும் என்றும் தெரியும்.

அவள் பிழைத்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி வராது என்கிறார்கள். மருத்துவமனையில் இருந்த ஐந்து வாரமும் நான் கடையைத் திறக்கவில்லை. இருபதாம் நாள் என்று நினைக்கிறேன், மத்தியானம், ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ரிலேயை மாத்தினேன்ல, அன்னைக்கு அதோட கால்ல வெள்ளையாப் பொடி இருந்துச்சுண்ணா. களிம்புன்னா பச்சையால்ல இருக்கும்?"

"மழைத்தண்ணி காஞ்சா அப்படி இருக்கும்."

"நாக்குல வச்சுப் பாத்தேன். உப்புக் கரிச்சுது."

நான் ஆரஞ்சில் இருந்த விதைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட்ட கையோட தொட்டிருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். "உன்னை அப்படித்தான் நெனச்சேன், பாரு."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. நீங்கள் வாக்குமூலம் கேட்க வந்தபோதும் எனக்குத் தெரியாது சார் என்றுதான் உங்களிடம் சொன்னாள். வெளியே நின்று கேட்டேன். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. நான் வளர்த்த பிள்ளை.

இப்போது வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். குளிப்பாட்டுவது, தலைவாருவது எல்லாம் நான்தான். முன்பு செய்தது கை மறக்கவில்லை. பகலில் ஒரு நர்ஸம்மா வந்து போகிறார்கள். அவர்களோடு அவள் பேசுவது வாசலில் செருப்பைக் கழற்றும்போது எனக்குக் கேட்கும். ஒரு நாள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. நான் உள்ளே போனால் தூங்கிவிடுகிறாள். உடம்பு அசதிதான். அந்த நர்ஸம்மாவிடம், வேறு ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிற இல்லம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறாளாம். மருந்து மயக்கத்தில் கேட்டிருப்பாள்.

எழுதியதை நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். ஆனால் மூன்று மணிக்குள் என்னை ஒருமுறை வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் நல்லது. நர்ஸம்மாவுக்குப் புரட்டத் தெரியாது, தோளைப் பிடித்து இழுப்பார்கள். நான் செய்கிற மாதிரி யாராலும் செய்ய முடியாது. அவளுக்கும் அது தெரியும். ஐந்து மாதமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன், என்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள்.